வாலில் குந்தும் விமானம்

ஸ்காபரோ, மார்கழி 1993

அன்பு ஜெசிந்தா,

மாதாவின் காவலில் சுகமாக இருக்கிறேன். உமது இருமல் விட்டதா?

என்னோடு அறையில் இருக்கும் றெமிஜியஸும் நானும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் விமானம் வாங்கி, துண்டு துண்டாக ஒட்டினோம். அவனுடையது நிமிர்ந்து நிற்கிறது. என்னுடையது வாலில் குந்துகிறது.

"மூக்குக்குள்ள பாரம் வைக்காமல் ஒட்டிப்போட்டாய், மச்சான்!" என்று சிரிக்கிறான். அவனுக்கு எல்லாம் சரிவருகிறது. உமது பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் அவன் மனைவிக்கு விசாவும் வந்துவிட்டது. உமக்கு இன்னும் வரவில்லையே என்று எனக்கு வயிறு எரிகிறது.

என் விமானத்தின் மூக்குக்குள் வைக்க, மாமாவின் மீன்வலையில் இரண்டு ஈயக்குண்டு கழற்றி, இங்கே வரும் அவவிடம் கொடுத்துவிடும். இங்கே பாரத்துக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் உமது கை பட்டது வேண்டும்.

எயார்போட்டுக்கு வரமாட்டேன் என்று அவனிடம் வீறாப்பாகச் சொல்லியிருந்தேன். நீர் தரும் குண்டை அவவிடம் வாங்க இனிப் போகத்தான் வேண்டும். அவர்கள் கட்டிப்பிடிக்கும்போது நான் எந்தப் பக்கம் பார்ப்பது?

பஸ்ஸுக்கு ஓடுகிறேன்.

மரியதாஸ்