பின்னால் வர ஓர் ஆள்

ஹார்லோ, மிச்சிகன்
நன்றி கூறும் நாளுக்கு அடுத்த ஞாயிறு

அன்புள்ள ஐலா,

இங்கே அம்மாவும் நானும் உன் தம்பி நீலோவும் சளி இருமல் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம், நாயும் அப்படியே. அரிசோனா வெயிலில் கூரை கூரையாக ஏறி சோலார் தகடு மாட்டிக்கொண்டு நீயும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருப்பாய் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன். போனில் பேசினால் கொஞ்ச நேரத்தில் நம் இருவரில் ஒருவர் கோபித்துக்கொண்டு வைத்துவிடுகிறோம், கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. இங்கே முழங்கால் அளவு பனி விழுந்து உருகி மறுபடியும் விழுந்திருக்கிறது. நீலோ ஹாக்கி ஆடி முன்பல்லை உடைத்துக்கொண்டான், பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறவள் பிள்ளைக்கே பல் இல்லையா என்று அம்மாவைக் கடையில் பார்க்கிறவர்கள் எல்லாம் கேலி செய்கிறார்கள். ரே பெரியப்பா பெரிய கொம்பு மான் ஒன்றை அடித்துவிட்டார், அதை விட்டால் அவருக்கு வேறு பேச்சு இல்லை. நான் இந்த வருஷம் துப்பாக்கியைத் துடைக்கக்கூட இல்லை. பள்ளிக்கூடத்துக்கே லீவு விட்டு ஊரே காட்டுக்குள் போகிற அந்த மான் வேட்டை சீசன் முதல் நாளில் நான் விமானம் ஏறி லிஸ்பன் போய்விட்டேன். விமான நிலையத்தில் என்னை இறக்கிவிட்ட ரே, ‘மான் சீசன்ல ஊரை விட்டு ஓடுற ஒரே ஆம்பளை நீதான்டா வேய்ன். நம்ம ஊர்ல சாகப்போறவன்கூட சீசன் முடியட்டும்னு காத்திருப்பான்’ என்றார். உன் அம்மா காருக்குள் உட்கார்ந்து சிரித்தாள், எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை.

எதற்குப் போனேன் என்று உனக்கு முழுதாகத் தெரியாது. பெர்க்டால் டீச்சர் ஓய்வு பெற்றுவிட்டார், பிள்ளைகளை வசந்த காலத்தில் ஐரோப்பாவுக்கு அழைத்துப் போகிற வேலை என் தலையில் விழுந்தது. முதல் தடவை பிள்ளைகளை அழைத்துப் போகும் டீச்சர்களை, டூர் கம்பெனி அதற்கு முன்பே தன் செலவில் கூட்டிப்போய்ப் பயிற்சி கொடுக்கிறது, அது முடித்தவர்தான் தலைமை ஏற்கலாம். இத்தனை வருஷமும் அந்த டூருக்குப் போனவர்கள் யார் என்று உனக்கே தெரியும், கார் ஷோரூம்காரர் பிள்ளை, வக்கீல் பிள்ளை, ஏரிக்கரைப் பெரிய வீட்டுப் பிள்ளைகள். இந்தத் தடவை நான் வகுப்பு வகுப்பாகப் போய்க் கூப்பிட்டேன். முதலில் கை தூக்கியவள் மார்னி சாலோ. கவுன்ட்டியின் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறாரே சாலோ, அவர் மகள், பிறந்ததிலிருந்து சக்கர நாற்காலி. கை தூக்கிய மறுநாளே பிரின்சிபால் ட்ருடெல் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். டூர் விளம்பரத்தில் எல்லோரையும் வரவேற்கிறோம் என்று பெரிய எழுத்திலும், துணையில்லாமல் நெடுந்தூரம் நடக்கக்கூடியவராக இருக்க வேண்டும் என்று பொடி எழுத்திலும் இருப்பதைக் காட்டினார். ‘மார்னின்னா எங்க எல்லாருக்கும் உசுரு, வேய்ன். அதனாலதான் சொல்றேன்’ என்றார். எனக்கு எப்படி எரிந்திருக்கும் என்று யோசித்துப் பார். சாக்லேட் ஃபாக்டரி பார்க்க எல்லோரும் போனபோது அவளை லைப்ரரியில் உட்கார வைத்தார்கள், அதுவும் உசுரு என்பதால்தான். அவளை விட்டுவிட்டுப் போக இந்த ஊரில் எல்லோரிடமும் ஓர் அன்பான காரணம் இருக்கிறது. நான் பயிற்சிக்குப் போகிறேன், அவளுக்கு முடியுமா முடியாதா என்று பார்த்துவிட்டு வருகிறேன், அதற்குப் பிறகு பள்ளி நிர்வாக போர்டு முடிவு செய்யட்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

நான் அங்கே ஒரு நாள் முழுக்க சக்கர நாற்காலியிலேயே இருந்து பார்க்கப் போகிறேன் என்று மார்னியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் மூஞ்சியில் ஒரு மாற்றமும் இல்லை. ‘உக்காந்து பாத்தா உங்களுக்கு என்ன தெரியும் மிஸ்டர் கங்காஸ்? சாயங்காலம் எந்திரிச்சிடுவீங்க’ என்றாள். அப்புறம் அவளே இரக்கப்பட்டு, ‘ஹோட்டல் பாத்ரூம் கதவு எவ்வளவு அகலம்னு அளந்துட்டு வாங்க. படி இல்லாத வழி எங்க ஆரம்பிக்குதுன்னு பாத்துட்டு வாங்க. மத்ததை நான் பாத்துக்குறேன்’ என்றாள். அளவு நாடாவைப் பெட்டியில் முதலில் வைத்தேன், சட்டைகளைப் பிறகு.

லிஸ்பனில் எங்கள் கூட்டத்தில் என்னைத் தவிர இருபது பேர், எல்லோரும் டீச்சர்கள். நடத்தியவள் க்ராஸா என்கிற போர்ச்சுகல்காரி, உன்னைவிடக் கொஞ்சம் பெரியவளாக இருப்பாள், நாக்கில் உப்புத்தாள் ஒட்டியவள். அந்தப் பயிற்சியில் ஒரு வழக்கம் உண்டு. தினம் ஒருவர் தலைமை, மற்றவர்கள் எல்லாம் பிள்ளைகளாக நடிக்க வேண்டும். ஒருவன் பாஸ்போர்ட்டைத் தொலைப்பான், ஒருத்தி எதையும் தின்ன மாட்டேன் என்பாள், ஒருவன் காதலில் விழுவான். கான்சாஸிலிருந்து வந்த டெல்பர்ட் என்கிற வரலாற்று வாத்தியார், கதவு அளவு ஆள், வீட்டு ஞாபகத்தில் அழுகிற பெண்ணாக நடிக்கச் சொன்னதும் உண்மையாகவே தேம்பி அழுது தெருவில் ஒரு கிழவியிடம் ஆறுதல் வாங்கிக்கொண்டார். நான் சக்கர நாற்காலிப் பிள்ளையாக இருக்கிறேன் என்றேன். க்ராஸா, ‘நடிக்கவா, தெரிஞ்சுக்கவா?’ என்று கேட்டாள். தெரிந்துகொள்ள என்றேன். ‘அப்ப காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் எந்திரிக்கக் கூடாது. பாத்ரூமுக்கும்தான்’ என்று சொல்லி ஹோட்டல் நிலவறையில் கிடந்த நாற்காலியைத் தூசி தட்டிக் கொண்டுவரச் செய்தாள். பாத்ரூம் கதவில் என் முழங்கை இரண்டும் தோல் உரிந்தது. அளவு நாடாவை எடுக்கத் தேவையே இருக்கவில்லை, ஆனாலும் அளந்துகொண்டேன்.

அந்த ஊர் முழுக்க மேடு, தரை முழுக்கச் சின்னச் சின்னதாக வழுக்குகிற கல். தள்ளுவதற்கு டீச்சர்களுக்குள் போட்டி, யார் நல்லவர் என்று பார்ப்பதுபோல. யாரும் என்னைக் கேட்டுவிட்டுக் கைப்பிடியைத் தொடவில்லை. ஓர் இடத்தில் நீளமான படிக்கட்டு வந்தது. டெல்பர்ட்டும் இன்னும் மூன்று பேரும் நாற்காலியோடு என்னை மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க மேலே கொண்டுபோய் வைத்தார்கள், மற்றவர்கள் கை தட்டினார்கள், யாரோ வெளியூர்க்காரர்கள் போட்டோ எடுத்தார்கள். நான் குறுகிப்போய் உட்கார்ந்திருந்தேன், ஐலா. க்ராஸா கடைசியில் வந்து சேர்ந்தாள், அவளுக்கு மூச்சு வாங்கவே இல்லை. ‘அந்த முனையைத் திரும்பினா லிஃப்ட் இருக்கு. யாராச்சும் என்னைக் கேட்டீங்களா? இவரையாச்சும் கேட்டீங்களா?’ என்றாள். டெல்பர்ட் முகம் தக்காளி ஆகிவிட்டது.

ஆனால் உண்மையான கூத்து சுரங்க ரயிலில்தான். ரயில் வந்ததும் இருபது பேரும் பிள்ளைகளை முன்னால் நின்று நடத்துகிற பழக்கத்தில் முதல் ஆளாக ஏறினார்கள். ஒவ்வொருவரும் இன்னொருவர் என் கைப்பிடியைப் பிடித்திருப்பதாக நினைத்துக்கொண்டார்கள். கதவு மூடியது. கண்ணாடிக்குப் பின்னால் அத்தனை டீச்சர்களும் என்னைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டே போனார்கள், நான் பிளாட்பாரத்தில். இதற்கென்று விதி சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கூட்டத்தை விட்டுத் தவறியவர் அதே இடத்தில் நிற்க வேண்டும், ஒருவர் மட்டும் திரும்பி வர வேண்டும், மற்றவர்கள் அடுத்த நிலையத்தில் காத்திருக்க வேண்டும். திரும்பி வர வேண்டிய அந்த ஒருவர் தான்தான் என்று ஒவ்வொருவரும் முடிவு செய்துவிட்டார்கள். பாதிப் பேர் அடுத்த நிலையத்தில் இறங்கி எதிர் ரயில் ஏறினார்கள், மீதிப் பேர் இறங்குவதற்குள் கதவு மூடி அதற்கும் அடுத்த நிலையத்துக்குப் போய் அங்கிருந்து திரும்பினார்கள். என்னிடம் வந்து சேர்ந்தவர்கள் அடுத்த நிலையத்தில் காத்திருப்பவர்களிடம் சொல்லிவிட்டு வருகிறோம் என்று மறுபடியும் ஓடினார்கள். டெல்பர்ட் இரண்டு தடவை என்னைக் கடந்து போனார், ஒரு தடவை இந்தப் பக்க ரயிலில், ஒரு தடவை அந்தப் பக்க ரயிலில், இரண்டு தடவையும் ‘கவலைப்படாத, வந்துட்டேன்!’ என்று கண்ணாடியைத் தட்டினார். நான் கவலைப்படவே இல்லை. வாத்தியம் வாசித்துக் காசு கேட்கிற ஒருவன், ஒரு பையோடு ஒரு அம்மாள், இத்தனை பேர் நடுவில் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அலுப்பாக இருந்தது, கோபமாக இருந்தது, பசித்தது, அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தால் பின் சுவரோரம் பெஞ்சில் க்ராஸா ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டிருக்கிறாள். அவள் ரயிலிலேயே ஏறவில்லை. கடைசி ஆள் ஏறாமல் அவள் ஏறுவதில்லையாம். எனக்கும் இரண்டு சுளை கொடுத்துவிட்டு, ‘இருபது தலை இருக்கு, ஒரு வால்கூட இல்ல’ என்றாள். அன்று சாயங்காலம் அவளும் நானும் உட்கார்ந்து பயணத் திட்டத்தை மாற்றி எழுதினோம், மலைக்கோட்டை ஏறுவதை எடுத்துவிட்டு ஆற்றங்கரை, படகு, சமதரையான பழைய மடம். இரவில் நான் நாற்காலியிலிருந்து எழுந்தபோது மார்னி சொன்னது ஞாபகம் வந்தது, வெட்கமாக இருந்தது.

போன செவ்வாய்க்கிழமை போர்டு கூட்டம் நடந்தது. பள்ளி லைப்ரரியில் வைத்தார்கள், மார்னியை அடிக்கடி விட்டுவைத்த அதே லைப்ரரி. நான் லிஸ்பன் கதையை ஒன்று விடாமல் சொன்னேன், சக்கர நாற்காலிக்காரன் ஓர் இடத்தில் இருக்கக் காலுள்ள டீச்சர்கள்தான் ஊரெல்லாம் தொலைந்தார்கள் என்றேன். சிரித்தார்கள், ட்ருடெல்கூட. பனியில் ஓடுகிற ஸ்நோமொபைல் வண்டி விற்கிற போர்டு உறுப்பினர் வெர்ன் ஹோல்ம் மட்டும், ‘அத்தனை மேடு பள்ளம்ங்கிறீங்க, பொண்ணு உருண்டு போயிட்டா?’ என்றார். மார்னி என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ‘மிஸ்டர் ஹோல்ம், எங்கப்பா பனிப் புயல்ல லாரியில என்னைப் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டு பழைய சுரங்க மேட்டுச் சரிவுல இறங்குறாரு. போன மாசம் உங்க காரைக்கூட நாங்கதான் பள்ளத்துலேர்ந்து இழுத்தோம்’ என்றாள். வெர்ன் காகிதங்களைப் புரட்ட ஆரம்பித்தார். பிறகு ட்ருடெல், அப்படியானால் அவள் அம்மா கூடப் போகட்டும் என்றார். ‘அம்மா வந்தா அது டூர் இல்ல, டாக்டர்கிட்ட போற மாதிரி’ என்றாள் மார்னி. முதியோர் இல்லத்துச் சமையலறையிலிருந்து ஏப்ரனோடு ஓடி வந்திருந்த அவள் அம்மா, ‘எனக்கும் வேண்டாம்ப்பா. இவ இல்லாம ஒரு வாரம் நான் நிம்மதியா தூங்கிக்குறேன்’ என்றாள். ஓட்டுப் போட்டார்கள், ஐலா. ஒரே ஓட்டு வித்தியாசத்தில் சரி என்று வந்தது, ஆனால் ஒரு நிபந்தனையோடு. பயிற்சி முடித்த இன்னொரு பெரியவர், பெண்ணாக, கூட வர வேண்டும், இல்லாவிட்டால் மார்னி இல்லை. ட்ருடெல் அந்த நிபந்தனையைச் சொன்ன விதத்தில், அப்படி ஓர் ஆள் கிடைக்காது என்று அவர் நம்புவது தெரிந்தது.

உடனே ஓவிய டீச்சர் நான் வருகிறேன் என்றார், நல்ல மனுஷி, ஆனால் மார்னி முன்னால் குனிந்து கைக்குழந்தையிடம் பேசுகிற குரலில் பேசினார். வெளியே கார் நிறுத்துமிடத்தில் மார்னி என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ‘உங்க ஐலாவைக் கேளுங்க. நீச்சல் முகாம்ல தண்ணி சில்லுனு இருக்குன்னு நான் அழுதப்ப எல்லாரும் பாவம்னு நின்னாங்க, அவ மட்டும் நாற்காலியைச் சாய்ச்சு என்னை ஏரிக்குள்ள கொட்டிட்டா. அப்புறம்தான் நான் நீந்தினேன். ஆனா கொட்டுறதுக்கு முன்னாடி கொட்டட்டுமான்னு கேட்டா, நானும் சரின்னு சொன்னேன்’ என்றாள். அந்தக் கோடையில் நீ வேலைக்குப் போன முகாமில் என்ன செய்தாய் என்று எனக்கு இத்தனை வருஷமும் தெரியாது.

அதனால் கேட்கிறேன், அந்த இன்னொரு பெரியவராக, எங்கள் கூட்டத்தின் கடைசி ஆளாக நீ வருகிறாயா? அடுத்த பயிற்சிப் பயணம் பிப்ரவரியில், அதே லிஸ்பன், அதே க்ராஸா, கம்பெனியிடம் உனக்கு ஓர் இடம் கேட்டு வைத்திருக்கிறேன். பிள்ளைகளோடு பயணம் ஏப்ரலில். உன் மேஸ்திரி முகத்தைச் சுளிப்பான் என்று தெரியும். உன்னை ஊருக்கு இழுக்கத்தான் நான் இதையெல்லாம் கிளப்பினேன் என்று அம்மா சந்தேகப்படுகிறாள். அதில் பாதிதான் உண்மை. நீ முடியாது என்றால் முடியாது என்று எழுது, நான் வருத்தப்படுவேன், பிறகு வேறு ஆளைத் தேடுவேன், ட்ருடெலுக்கு அந்தச் சந்தோஷத்தைக் கொடுக்க மாட்டேன். அவசரப்பட்டு இரண்டு நாளில் பதில் போடாதே, ஆனால் கிறிஸ்துமஸைத் தாண்டவும் விடாதே.

கூரையில் ஏறும்போது இடுப்பு வாரை மாட்டிக்கொள், சரக்கு ஏற்றுகிற பையன்கள் கேலி செய்தாலும் மாட்டிக்கொள். தண்ணீர் நிறையக் குடி. அம்மா கறியும் கிழங்கும் வைத்த பேஸ்டி சுட்டு உறைய வைத்து அனுப்புகிறாள், வெயிலில் கெட்டுப் போகாமல் வந்ததும் எடுத்து வை. பாஸ்போர்ட்டை எடுத்துத் தேதி முடிந்திருக்கிறதா என்று பார். நீ எங்கே இருந்தாலும் உறுதியான தரையில் கால் வைத்து, நல்ல மனிதர்களுக்கு நடுவில், உன் இஷ்டப்படி நலமாக இரு என்று அம்மாவும் நானும் தினமும் நினைத்துக்கொள்கிறோம். கடைசியாக, மார்னி உன்னிடம் சொல்லச் சொன்னது ஒன்று உண்டு: ‘வர்றதுன்னா எனக்காகப் பாவம் பாத்து வர வேண்டாம். ஊர் பாக்க வரச் சொல்லுங்க.’

உன் பதிலுக்காகத் தபால் பெட்டியைத் தினமும் எட்டிப் பார்க்கிற,
அப்பா
வேய்ன் கங்காஸ்