கடைத்தெரு பிடித்துக்கொடுத்த திருடன்

என் வீட்டுக்காரருக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வீக்கம் வடிந்ததா? வெறும் வயிற்றில் மாத்திரை போடாதீர்கள்.

நம் மகன் நேற்றுச் சிரித்தான். குற்றமில்லாதவனைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டோமே என்று மனம் நொந்து, துப்பறியும் வேலையை விட்டு இந்தச் சின்ன ஊருக்கு இப்போதுதான் இன்ஸ்பெக்டராக வந்தவன், சிரித்து ஒரு வருஷம் நாலு மாசம் ஆகியிருந்தது.

சைக்கிள் திருடனைப் பிடிக்க, நகரத்துப் பழக்கத்தில் கசங்கிய சட்டையோடு கடைத்தெருவில் நின்று சைக்கிள்களையே பார்த்திருக்கிறான். சின்ன ஊரில் புதுமுகம் மறைய முடியுமா? பழக்கடைக்காரி நாலு பேரைக் கூட்டி, அவனை அவன் ஸ்டேஷனுக்கே இழுத்துப்போயிருக்கிறாள். ஏட்டுதான் வந்து சொன்னார்.

"ஏட்டய்யா, திருடனப் பிடிச்சாச்சு!" என்றாளாம்.

ஏட்டு எழுந்து அவனுக்குச் சல்யூட் அடித்ததும், அவள் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டாளாம்.

"தப்பு யாருக்கும் வரும்மா. அதுக்காக நாளைக்குக் கடையை மூடிடாத," என்று சொல்லிச் சிரித்தானாம் நம் பிள்ளை. இன்று காலை யூனிபார்முக்கு அவனே இஸ்திரி போட்டான்.

"போலீஸ் வேலைக்கே லாயக்கில்ல" என்று அவன் சாப்பிடும்போது நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. அவனும் மறந்திருக்கமாட்டான்.

பகலில் பேச ஆளில்லை, என் ரேடியோவை அனுப்புங்கள். தபால்காரர் அவசரப்படுத்துகிறார். ஞாயிற்றுக்கிழமை அவனுக்குப் போன் பண்ணிப் பேசுங்கள். நான் சொல்லித்தான் பேசுகிறீர்கள் என்று காட்டிக்கொள்ளவேண்டாம்.