பன்னிரண்டு கிராம்

என் பிரியத்துக்குரிய அத்தானுக்கு,

உங்கள் அஸ்தியைப் பாபநாசத்தில் கரைத்து எட்டு மாதம் ஆகிறது. அக்கா நன்றாக இருக்கிறாள். இன்னும் பழக்கத்தில் இரண்டு பேருக்குக் காபி போட்டுவிடுகிறாள். வண்ணார்பேட்டையில் கடை திறப்பதற்கு முன்னால் நான் போய் உங்கள் பங்கைக் குடித்துவிட்டு வருகிறேன். உங்களுக்குச் சம்மதம்தானே?

போன வாரம் காபியோடு உங்கள் ஏர் பிஸ்டல் பெட்டியையும் கொண்டுவந்து வைத்தாள். "ஞாயித்துக்கிழமை கிளப்புல போட்டியாம்லா. நீ கொண்டு போய்ச் சுடுலே. பொட்டிக்குள்ள கெடக்கவா அவுக இதை வாங்குனாக?" என்றாள்.

யாரோ சுட்டுச் சலித்த பிஸ்டலை நீங்கள் வாங்கிவந்தபோது அதன் டிரிக்கர் துருப்பிடித்த தாழ்ப்பாள் மாதிரி சிக்கிச் சிக்கி வரும். சாப்பாட்டு மேசையில் துண்டை விரித்து அதைக் கழற்றி வைத்துக்கொள்வீர்கள். காய்ந்த பிசுக்கைத் துடைப்பது, ஒரு சொட்டு எண்ணெய் விடுவது, திருகாணியை நூலளவு திருப்பிவிட்டுக் கண்ணை மூடி இழுத்துப் பார்ப்பது என்று சாயங்காலமே போய்விடும். மேசை உங்களிடம் இருப்பதால் அக்கா எங்களுக்குத் தரையில் இலை போடுவாள், உங்களை மட்டும் கூப்பிட மாட்டாள்.

டிரிக்கர் லேசாக இருக்க வேண்டும். ஆனால் ரொம்ப லேசாகிவிடக் கூடாது. போட்டிக்கு முன் நடுவர்கள் அதில் அரைக் கிலோ எடையை மாட்டித் தூக்கிப் பார்ப்பார்கள். டிரிக்கர் விழாமல் தாங்க வேண்டும். வீட்டில் பார்த்துக்கொள்ள எங்கள் கடையின் பழைய அரைக் கிலோ எடைக்கல்லை நான்தான் கொண்டுவந்து தந்தேன். எங்கள் கடை நிறுவையை யாரும் திருப்பி நிறுத்துப் பார்ப்பதில்லை என்று எத்தனை தடவை உங்களிடம் பீற்றியிருப்பேன்!

உங்கள் முதல் போட்டியில், வீட்டில் தாங்கிய டிரிக்கர் அவர்கள் எடையை மாட்டித் தூக்கியதும் விழுந்துவிட்டது. மூன்று தடவையும் அப்படியே. சரிசெய்யவும் நேரமில்லை. வருஷம் முழுக்கக் காத்திருந்துவிட்டு ஒரு குண்டுகூடச் சுடாமல் திரும்பினீர்கள். பஸ்ஸில், "கை கொஞ்சம் பெசகிட்டு வே. திருகாணியக் கூடுதலாத் திருப்பிட்டேன்" என்றீர்கள்.

நான் விடுவேனா? கல்யாணம், காதுகுத்து என்று எங்கே நாலு பேர் கூடினாலும் உங்கள் கை பிசகிய கதையைத்தான் அவிழ்த்துவிட்டேன். என் மகள் கல்யாணப் பந்தியில் சம்பந்தி முன்னாலும் சொன்னேன். நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். அதற்குப் பிறகு ஒரு போட்டியிலும் உங்கள் டிரிக்கர் சோதனையில் தவறவில்லை. கடைசிவரை எங்கள் கல்லைத்தான் வைத்திருந்தீர்கள்.

பெட்டியின் மூலையில் அந்தக் கல் இருந்தது. பக்கத்தில் ஒரு காகிதப் பொட்டலம், அதற்குள் சணலில் கோத்த நாலு வாஷர். காகிதத்தில் உங்கள் எழுத்து: "கல்லோடு சேர்த்துக் கட்டவும்."

இரண்டையும் கடைக்குக் கொண்டுபோய் மின்தராசில் வைத்தேன். கல் நானூற்று எண்பத்தெட்டு கிராம். வாஷர் நாலும் சேர்ந்து பன்னிரண்டு கிராம்.

அக்காவிடம் ஓடினேன். அவள் நிதானமாகச் சொன்னாள்: "எனக்கு அப்பவே தெரியும்லே. கடைக் கல்லக் கொற சொன்னா அவன் மொகம் செத்துரும், நான் கை பெசகுனவனாவே இருந்துட்டுப் போறேன்னுட்டாக."

வெட்கத்தில் அன்று கடையில் என்னால் உட்கார முடியவில்லை. அந்தப் பந்தியில் எல்லோரும் சிரித்தபோதுகூட ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையா அத்தான்? என் கடைப் பெருமையை இப்படிப் பொத்திப் பொத்தி வைத்தீர்களே, நான் அதற்கு என்ன செய்துவிட்டேன் உங்களுக்கு?

ஞாயிற்றுக்கிழமை போகிறேன். கல்லோடு வாஷரையும் கட்டித்தான் டிரிக்கரைப் பார்த்து வைத்திருக்கிறேன். சுடுவதில் தோற்றாலும் தோற்பேன். ஆனால் கிளப்பில் எல்லோரையும் கூட்டிவைத்து அந்தக் கதையை இன்னொரு தடவை சொல்வேன். இந்தத் தடவை கல் யாருடையது என்பதையும் சொல்வேன். இது சத்தியம்.

கை பிசகாத என் அத்தானுக்கு,
எடை குறைந்த கல்லைக் கொடுத்த
உங்கள் மைத்துனன்