சின்னக் காயில் சொன்ன ஆழம்

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் அடிதடி. மச்சான் லாரிக்காரன் வாயில் குத்தினான். ஒரு பல் தெறித்து, இரும்பு தேடும் என் மெஷின் அடியில் விழுந்தது. மெஷின் கத்தவில்லை. பல் இரும்பில்லையே! எழுதும்போதே சிரிப்பு வருகிறது. அறுபத்தேழு வயதில் எழுத்துக் கற்று, நானே எழுதி நானே படித்துச் சிரிக்கிறேன்! ‘தெறித்து’ என்ற சொல்லில் மட்டும் இரண்டு முறை அடித்தல் திருத்தல்.

மார்ச் 5, வியாழன்

எங்கள் வேலையை எழுதிப் பார்க்கிறேன். நாங்கள் வேலை செய்யும் மைதானம் முன்பு பட்டாளம் குண்டு போட்டுப் பழகிய இடம். அங்கே வீடு கட்டப் போகிறார்கள். அதற்குமுன் வெடிக்காமல் கிடப்பதையெல்லாம் எடுக்க வேண்டும். நான் மெஷினைத் தரையோடு ஆட்டிக்கொண்டே நடப்பேன். கத்தினால் நிற்பேன். திரையில் தெரியும் அங்குலத்தை உரக்கச் சொல்வேன். மச்சான் — என் மனைவியின் தம்பி — தோண்டுவான். சொன்ன ஆழத்துக்கு நாலு அங்குலம் மேலேயே நிறுத்தி, மண்வெட்டியைக் கீழே வைத்துவிட வேண்டும். மீதியைச் சின்னக் கரண்டியால் சுரண்ட வேண்டும். இதுதான் சட்டம்.

கம்பு நுனியில் இருக்கும் வட்டத் தட்டுக்குக் காயில் என்று பெயர். மெஷினோடு வந்தது பெரிது. மாலைக்குள் தோள் கழன்றுவிடும். பெட்டியில் சின்னது ஒன்றும் கிடந்தது. இன்று அதை மாட்டிப் பார்த்தேன். என்ன சுகம்! வேர்களுக்கு நடுவிலும் நுழைகிறது. யாரையும் கேட்கவில்லை. என் தோள், என் மெஷின்.

மார்ச் 9, திங்கள்

வெடித்துவிட்டது.

மார்ச் 10, செவ்வாய்

நேற்று அந்த ஒரு சொல்லோடு நோட்டை மூடிவிட்டேன்.

“பன்னிரண்டு” என்றேன். “பன்னிரண்டா? சரி மாமா, தள்ளி நில்லு” என்றான். நான் பத்தடி நகர்ந்திருப்பேன். சத்தம் காதில் கேட்கவில்லை, நெஞ்சில் கேட்டது. மண்வெட்டிக் காம்பு என் தலைக்கு மேலே பறந்தது. அவன் உட்கார்ந்தபடியே இருந்தான். இடது கண் இருந்த இடத்தில் சிவப்புச் சேறு. கையில் மூன்று விரல்தான் எண்ண முடிந்தது. இரண்டைக் கைக்குட்டையில் பொறுக்கினேன்.

மேஸ்திரி ஓடி வந்து, “அளவு மீறி வெட்டிட்டான், அவசரக்காரப் பய” என்றார். எனக்கும் ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில், கட்டு போடாத கன்னத்தில், ஓங்கி ஓர் அறை விட்டேன். “பன்னெண்டுன்னு சொன்னேனே, எட்டுல நிறுத்த என்னடா கேடு உனக்கு?”

“எட்டுக்கே போகல மாமா” என்றான். “அக்கா மேல சத்தியமா போகல.”

இன்னொன்று விட்டேன்.

மார்ச் 14, சனி

மேஸ்திரி அறிக்கை எழுதினார். ‘தோண்டுபவர் குறித்த ஆழத்தை மீறியதே காரணம். இனி எந்தத் தளத்திலும் அவருக்கு வேலை இல்லை.’ முழுவதையும் நானே படித்தேன். கைநாட்டு வைக்க மைத்தட்டை நீட்டினார்கள். வேண்டாம் என்று சொல்லிப் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். என் வாழ்நாளில் முதல் கையெழுத்து! அழகாக வந்தது.

வீட்டில் சொன்னேன். மனைவி சட்டியை எறிந்தாள். நெற்றியில் மூன்று தையல்.

“அவன் தொழில் போச்சு, கண்ணு போச்சு. பேராவது மிச்சம் இருந்துச்சு. அதையும் நீ கிறுக்கித் தின்னுட்ட.”

மார்ச் 17, செவ்வாய்

மெஷின் பெட்டியில் ஒரு தாள் உண்டு. ஈரம் படாமல் திரையைச் சுற்றி வைக்கத்தான் இத்தனை வருஷம் அதைப் பயன்படுத்தினேன். இன்று விரித்தால், நம் தமிழ் எழுத்து! உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். ஒன்பதாவது வரியை இங்கே பார்த்து எழுதுகிறேன்:

‘திரையில் காட்டும் ஆழம் மெஷினுடன் வந்த காயிலுக்கே பொருந்தும். அதைவிடச் சிறிய காயில் மாட்டினால், பொருள் உண்மையில் இருப்பதைவிட ஆழத்தில் இருப்பதாகக் காட்டும்.’

ஒரு சொல்லும் தடுக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் இன்னொரு முறை படித்தேன். இரண்டாம் முறைதான் புரிந்தது.

மார்ச் 18, புதன்

கொல்லையில் ஓர் இரும்பு நட்டைப் புதைத்தேன். அளவுகோல் வைத்து, சரியாக ஏழு அங்குலம். பெரிய காயில்: ஏழு. சின்னக் காயில்: பன்னிரண்டு.

வேறு இடத்தில் புதைத்தேன். பன்னிரண்டு.

வேறு இடம். பன்னிரண்டு.

சின்னத் தட்டுக்குக் கீழேயிருந்து வரும் சத்தம் மெலிதாகத்தான் எட்டுகிறது. மெலிதாக இருந்தால் தூரத்தில் இருக்கிறது என்று மெஷின் நினைத்துக்கொள்கிறது. அதைக் குறை சொல்ல முடியாது. யார் எதை மாட்டினார்கள் என்று அதற்கு எப்படித் தெரியும்?

அவன் ஏழில்தான் வெட்டியிருக்கிறான். சட்டப்படி இன்னும் ஓர் அங்குலம் அவனுக்கு மிச்சம் இருந்தது. நான் அவனை இரண்டு அறை அறைந்தேன்.

மார்ச் 20, வெள்ளி

தாளை அடுப்பில் போட்டால்? வேறு எவன் படிக்கப் போகிறான்? மேஸ்திரி படித்ததில்லை. முன்பு நானும்தான் படித்ததில்லை — அப்போதெல்லாம் எவ்வளவு நிம்மதியாகத் தூங்கினேன். அடுப்புவரைக்கும் போனேன். ஐயோ, முதன்முதலாக நானாகப் படித்த தாள் இது. அதைப் போய்க் கொளுத்துவேனா?

மார்ச் 21, சனி

மச்சான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டான். அவன் அறைக்குப் போனேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். நின்றபடியே ஒன்பதாவது வரியைப் படித்தேன். சின்னதை மாட்டியது நான்தான் என்றேன்.

எழுந்து உட்கார்ந்தான். “இன்னொரு தடவை படி.”

படித்தேன். நல்ல கையால் வாயில் குத்தினான்.

“படி மாமா. நிறுத்தாத.”

படித்தேன். வயிற்றில் உதைத்தான். தாளில் என் ரத்தம் சொட்டியது, எழுத்தின் மேல் படாமல் துடைத்துக்கொண்டேன். நான்காம் முறையும் தடுமாறாமல் படித்தேன். அதற்குமேல் அவன் அடிக்கவில்லை. மூச்சு வாங்கியது. ஒற்றைக் கண்ணால் அழுதான்.

“திங்கக்கிழம மேஸ்திரி முன்னாடி நில்லு. இப்படியே படி. ஒரு எழுத்து விட்டின்னா அங்கயே கொன்னு போட்டுருவேன்.”

மார்ச் 23, திங்கள்

படித்தேன். வேலையாட்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். மேஸ்திரி என் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினார். “கெழட்டுப் பயலே, உன்ன யாரு படிக்கச் சொன்னது?” தாளைப் பிடுங்க வந்தார். லாரிக்காரன் அவர் கையை முறுக்கி மடக்கினான் — பல் போன அதே லாரிக்காரன். “பெரியவர் படிச்சு முடிக்கட்டும்யா.”

புதிய அறிக்கையை நான் எழுதினேன். ஒன்றரை மணி நேரம் ஆனது. எல்லோரும் நின்றபடியே காத்திருந்தார்கள். ‘காயிலை மாற்றியது நான். தோண்டியவர் மேல் தவறில்லை.’ மச்சானுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. மூன்று விரலால் மண்வெட்டி பிடிக்க முடியாது. மெஷின் பிடிக்கலாம். எனக்கு இனி மெஷின் கிடையாது.

விலா எலும்பு ஒன்று உடைந்திருக்கிறதாம். இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை: ஓர் அடித்தல்கூட இல்லை!

மே 18, திங்கள்

இன்று முதல் மச்சான் கையில் மெஷின். பெரிய காயில். நான் மண்டியிட்டுத் தோண்டினேன்.

“ஒம்பது” என்றான். ஐந்தில் மண்வெட்டியைக் கீழே வைத்தேன். கரண்டியால் சுரண்டினேன். கையெல்லாம் வியர்வை. ஆறு. ஏழு. எட்டு. நான் தோண்டும்போது அவன் தள்ளிப்போய் நின்றிருக்கலாம். போகவில்லை.

“மாமா” என்றான். “தலையக் கொஞ்சம் பின்னால வச்சுக்க.”

ஒன்பதில் இரும்பு தட்டியது.