பஸ்கா வாரத்துச் சோறு

ஏப்ரல் 12, புதன்

காலையிலேயே கொதிக்கிற வெயில். அகதிகள் தங்கும் வீட்டைக் கழுவ ஆள் பிடித்தேன். இன்று மாலை யூதர்களுக்குப் பஸ்கா தொடக்கம், எட்டு நாள் பண்டிகை, வீட்டில் ஒரு ரொட்டித் துணுக்கு இருக்கக் கூடாதாம். மரக்கிடங்குக் கணக்கப்பிள்ளைக்கு இதெல்லாம் வேலை. முதலாளி பாக்தாத் யூதர். அகதி நிவாரணக் கமிட்டித் தலைவர். தலைமை அவருக்கு, ஓட்டம் எனக்கு.

ருஷியாவில் வீடு எரிந்து, பாரசீகம், பம்பாய், கல்கத்தா என்று வந்த கூட்டம். மற்றவர்கள் போன வாரமே சிங்கப்பூர் கப்பல் ஏறிவிட்டார்கள். மிச்சம் பெய்லாவும் நாலு வயதுப் பெண்ணும். புருஷன் கல்கத்தாவில் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில். "ரங்கூனில் இறங்கி இரு, பின்னாலேயே வருகிறேன்" என்றானாம். எந்த ஆஸ்பத்திரி என்று இவளுக்குத் தெரியாது. தினமும் துறைமுகத்துக்கு நடக்கிறாள். ஆளைப் பார்த்தால் நல்ல விதம்தான், கொஞ்சம் விறைப்பு.

வாங்க: விளக்குத் திரி, சோப்பு, பெண்டாட்டி அன்னத்துக்குத் தலைவலித் தைலம்.

ஏப்ரல் 13

வருஷப் பிறப்பு. தெருவெல்லாம் பர்மாக்காரர் தண்ணீர்த் திருவிழா. வேட்டி நனைந்து திரும்பினேன். அன்னம் வடை சுட்டாள், உப்பில்லை.

நேற்று மாலை முதலாளி வீட்டு விருந்து. பெய்லாவையும் குழந்தையையும் ஆள் இழுக்கும் லாஞ்சா வண்டியில் கூட்டிப் போய், வராந்தாவில் நின்றேன். கமிட்டி முழுக்கப் பட்டும் வைரமும். முதலாளியம்மாள் தன் கையாலேயே கோழி போட்ட நெய்ச்சோறு பரிமாறினாள். பெய்லா தட்டைத் தள்ளிவைத்தாள். குழந்தை கை நீட்ட, அதன் கையையும் பிடித்துக்கொண்டாள். புளிப்பில்லாத அப்பமும் அவித்த முட்டையும் மட்டும். கமிட்டிக்கு முகம் சுண்டிவிட்டது. "என் சோத்துல என்ன அழுக்கு?" என்று அம்மாள் என்னிடம் கேட்கிறாள். நான் என்னத்தைக் கண்டேன்.

கஞ்சிக்கு வழியில்லை, இதில் திமிர். எனக்கும் எரிச்சல்தான்.

ஏப்ரல் 15

பொழுது சாய்ந்ததும் முதலாளி கூப்பிட்டனுப்பினார். திங்கட்கிழமைக் கப்பலில் பெய்லாவைச் சிங்கப்பூருக்கு ஏற்றிவிட வேண்டும், வீட்டுச் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும்.

"புருஷன் வர்றதுக்குள்ளவா, முதலாளி?"

"அங்கயும் கமிட்டி இருக்குப்பா. நன்றி கெட்டவங்களுக்கு இங்க இடமில்ல."

ஒரு தட்டுச் சோற்றில் இவர் தருமம் முடிந்துபோயிற்று. தருமமாம்.

ஏப்ரல் 16

பல்வலி. கிராம்பு வைத்தேன்.

அன்னத்திடம் இதைச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தேன். மாவு சலித்துக்கொண்டே சொன்னாள்: "ஏகாதசியன்னிக்கு அத்தை சோத்தத் தொடுவாங்களா? இவளுக்கும் அப்படி ஏதாச்சும் இருக்கும். யாராவது கேட்டீங்களா?"

யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. வெயிலோடு போனேன். பெய்லா தன் அரைகுறை இங்கிலீஷில் சொன்னாள்: ருஷியாவில் அவர்கள் பக்கத்து யூதர்கள் இந்த எட்டு நாளும் அரிசி தொடுவதில்லை. அம்மா தொடமாட்டாள், பாட்டி தொடமாட்டாள். மற்ற நாளில் நன்றாகவே சாப்பிடுவாளாம். "அந்த அம்மாளுக்குத் தெரியாதா?" என்று கேட்டாள். தெரிந்திருக்கும் என்று நினைத்துத்தான் பேசாமல் இருந்திருக்கிறாள். கப்பல் சேதியைச் சொன்னதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். "அவர் வந்தால் எங்களை எங்கே தேடுவார்?"

நேரே முதலாளி வீடு. எல்லாம் சொன்னேன். அம்மாள் சிரித்தாள். "நாங்க காலங்காலமா பஸ்காவுக்கு அரிசிதான் சமைக்கிறோம். அப்ப நாங்க யூதரில்லையா?" முதலாளிக்குக் கோபம் இன்னும் ஏறியது. அவர்கள் வீட்டு ஆசாரத்துக்கே அவள் குறை சொல்லிவிட்டாளாம். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

ஏப்ரல் 17

ஏற்றிவிட்டேன். ஆறு அவித்த உருளைக்கிழங்கு துணியில் கட்டிக் கொடுத்தாள் அன்னம். வழியனுப்பக் கமிட்டியில் ஒருவரும் வரவில்லை, தெருவில் பர்மாக்காரர் திருவிழாத் தண்ணீரை ஊற்றிவிடுவார்களாம். பெய்லா கேட்டது ஒன்றுதான்: "அவர் வந்தால் சொல்வீர்களா?" சொல்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 26

பண்டிகை முடிந்து ஐந்தாறு நாளாயிற்று. சிங்கப்பூரிலிருந்து தந்தி. அங்கே இடமில்லையாம், தாயையும் மகளையும் வேறு கப்பலில் ஏற்றிவிட்டார்களாம். எங்கே என்று இல்லை. முதலாளி படித்துவிட்டு விசிறிக்கொண்டார். திரும்பத் தந்தி கொடுத்துக் கேட்கட்டுமா என்றேன். "நாளைக்குப் பார்க்கலாம்."

ஏப்ரல் 27

வந்துவிட்டான். கல்கத்தாக் கப்பலிலிருந்து நேராக முதலாளி வீட்டுக்கு, எலும்பும் தோலுமாக. "பெய்லா கமிட்டி வீட்டில்தானே?"

"முதல்ல சாப்பிடச் சொல்லு" என்றார் முதலாளி. அம்மாள் அதே நெய்ச்சோறு. முழுத்தட்டும் காலி, மறு தட்டும் வாங்கினான். கமிட்டித் தலைவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"பாத்தியாப்பா, மரியாதை தெரிஞ்ச மனுஷன். அவளும் இப்படி இருந்திருந்தா…" எழுந்தார். "நீயே சொல்லிடு." உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வெட்கங்கெட்ட மனுஷன்.

நான் திரும்பினேன். அவன் தட்டோரத்துப் பேரீச்சம்பழங்களைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டிருந்தான். குழந்தைக்காம்.