எறும்பின் இடுப்பு

6 ஜூலை 1987, திங்கள்

விடியலிலிருந்து மழை. மவுண்ட் ரோஸ்கில் வீட்டுக் கராஜில் ஒழுக்கு. கல் தீட்டும் சக்கரத்தை மூடிவைத்தேன். வாளி வாங்க வேண்டும்.

பின்னேரம் கமலா வந்தாள். மலேசியப் பிள்ளை, மவுண்ட் ஆல்பர்ட்டில் பூச்சி ஆராய்ச்சி. வடக்கே ஏலத்தில் எடுத்த பெட்டியில், காவ்ரி மரப்பிசின் கட்டிகளோடு கிடந்த அந்த ஒரு கல்லைப் பார்க்க. நகப்பூச்சு அழிக்கும் திரவம் ஒரு சொட்டு விட்டாள். இளகி விரலில் ஒட்டவில்லை. அப்படியென்றால் வெறும் பிசின் இல்லை, கல்லாய் இறுகிய அம்பர். உள்ளே எறும்பு.

"மனுஷன் வர்றதுக்கு ரொம்ப முந்தி லா, அங்கிள். இந்த இனமே இப்ப இல்லாம இருக்கலாம். ஆனா இடுப்பு தெரியல."

இடுப்பில் முடிச்சு ஒன்றா இரண்டா என்பதில்தான் எறும்பின் வகையே பிரிகிறதாம். குமிழி ஒன்று மறைக்கிறது. பக்கவாட்டில் தேய்த்து, உள்ளே பார்க்க ஒரு ஜன்னல் திறக்க வேண்டும்.

வியாழன் சிட்னிக்காரர் வருகிறார், இந்தக் கல்லை மனைவிக்குப் பதக்கமாய்க் கட்ட. கழுத்துக்குப் போனால், புது இனமாகவே இருந்தாலும் பெயர் வைக்க முடியாது. பெயர் பெறும் எறும்பு மியூசியத்தில் இருக்க வேண்டுமாம், யாரும் போய்ப் பார்க்கும்படி.

யோசிப்பம் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது? விற்பது என் தொழில்.

7, செவ்வாய்

மழை. வாளி வாங்கவில்லை.

மலர் சிரிக்கிறாள்: "இவ்வளவு வருஷமா என்ரை இடுப்பைப் பாக்கேல்லை, எறும்பின்ரை இடுப்புக்கு லென்ஸ் பிடிக்கிறியள்."

கமலா போனில். ஆய்வுகூட மெஷினில் வெட்டலாமாம். சூட்டில் அம்பர் இளகும்; நானே தேய்க்கிறேன் என்றேன். அவள் பார்க்கலாம், படம் கீறலாம், பிறகு கல் எனக்கு. ஜன்னல் வைத்தால் விலையும் கூடும். அதையும் நினைத்துத்தான் சொன்னேன்.

8, புதன்

கண்ணாடித் தட்டு, ஈரத் தேய்ப்புத்தாள், வெறும் கை. பக்கத்தில் கமலா. நாலு இழுப்பு, கழுவு, பார். கராஜ் முழுக்கச் சாம்பிராணி மாதிரி மணம்.

எறும்புக்குக் கிட்டே வந்ததும் நிறுத்தினேன்.

"இன்னும் கொஞ்சம், அங்கிள்."

"காணும் பிள்ளை. கால் போயிடும்."

"காலுக்காக நிறுத்துறீங்களா, எடைக்காகவா?"

கோபம் வந்தது. இரத்தினபுரிக் கல்லில் பழகிய கை, தூள் போவதைப் பொறுக்காது. அவள் சொன்னது சரி. தேய்த்தேன். கடைசி இழுப்பில் டிக் என்றொரு சத்தம். பின்னங்கால் பக்கம் மயிரிழை வெடிப்பு.

கழுவி லென்ஸின் கீழ் வைத்தாள். ஒரே முடிச்சு. அதன்மேல் கொம்பு மாதிரி இரண்டு முள். கொண்டுவந்த புத்தகங்கள் எல்லாவற்றையும் புரட்டினாள். தேநீர் ஆறிப்போனது.

"எந்தப் படத்துலயும் இல்ல. இன்னும் ஒப்பிடணும். ஆனா புதுசுதான் போல, அங்கிள்."

கல்லை என் கையில் வைத்துவிட்டுப் போனாள். தாருங்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டேன் என்றிருப்பேன், சுலபம்.

9, வியாழன்

வெயில். காற்று மட்டும் குளிர்.

சிட்னிக்காரருக்கு ஜன்னலைக் கண்டதும் வாயெல்லாம் பல். முதலில் சொன்னதைவிடக் கூடத் தருகிறாராம். வெடிப்பைக் காட்டினேன், மறைத்து விற்பதில்லை. அதனாலென்ன, சூடாக்கிப் பசை இறக்கினால் தெரியாது என்றார்.

தெரியாதுதான். கல் வியாபாரத்தில் எல்லோரும் செய்வது. ஆனால் அந்தச் சூட்டில் வெடிப்பு முள்ளுவரை ஓடும். எறும்பு மிஞ்சும், இடுப்பு மிஞ்சாது.

விற்பனைக்கு இல்லை என்றேன். நேற்றுவரை இருந்ததே என்று கத்தினார். ஈ அகப்பட்ட காவ்ரிப் பிசின் ஒன்றை, பிசின் என்று சொல்லியே விற்று அனுப்பினேன். வெறுங்கையோடு அனுப்புவது வியாபாரம் இல்லை.

மலர்: "விசரே உங்களுக்கு?"

ஓம் போல.

10, வெள்ளி

மறுபடி மழை. கமலா கார் ஓட்டினாள். கல் என் மடியில்.

மியூசியத்தில் ஒரு பெண் பஞ்சு விரித்த பெட்டியை நீட்டினார். வைக்கச் சொன்னார்.

வைக்கவில்லை.

கமலா கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெளிச்சத்தில் பிடித்து இன்னொருமுறை பார்த்தேன். ஒரு முடிச்சு, இரண்டு முள்.

வைத்தேன்.