நல்ல நாளுக்கு வைத்த துவக்கு

14, செவ்வாய். மழை.

மன்னித்துக்கொள் டயரி, இன்றும் பதினொரு மணி தாண்டிவிட்டது.

மாமியின் அறையில் கூரை ஒழுக்கு. சாமான்களை இழுத்துப் போட்டேன். பாவிக்காத குக்கர், உறை பிரிக்காத பெட்ஷீட், கிளாஸ் செட். யன்னலடியில் துணி போர்த்திய நீளப் பெட்டி. மகள் ஷெரின் ஏறி நின்று பூனை பார்ப்பது அதன் மேல்தான். நாலு வயது. உள்ளே மீன்தூண்டில் என்று மாமியின் மகன், என் கணவர் ஜூட் சொல்லியிருந்தார்.

ஷெரினும் எட்டிப் பார்க்க, திறந்தால் வேட்டைத் துவக்கு. இரட்டைக் குழல். சுற்றிய எண்ணெய்த் தாள் அப்படியே. பக்கத்தில் தோட்டா ஒரு பெட்டி.

மாமி ஓடிவந்தார். "ஐயோ, அத ஏன் புள்ள பிரிச்ச? மாமா ஒருநாளும் பாவிக்கல. புத்தம் புதுசு."

காலமான மாமா பன்வில தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கராக இருந்தபோது, சீமைக்குத் திரும்பிய துரை கொடுத்ததாம்.

"எதுக்கு மாமி வச்சிருக்கீங்க?"

"நல்ல நாளுக்குத்தான்."

எந்த நல்ல நாள்? ஞானஸ்நானத்துக்கா? கேட்டிருக்க வேண்டும்.

15, புதன். வெயில்.

கடையில் வாங்கியது: பாண், பால்மா, ஷெரினுக்கு இருமல் மருந்து. பெட்டி இப்போது என் அலுமாரியில். சாவி என்னிடம்.

ஜூட் வேலை செய்யும் கட்டாருக்கு போன் எடுத்தேன். ஜூட் சிரிக்கிறார்! "பாவிக்காத சாமான்டி. யாரு சுடப் போறா?" ஆக, தெரியும். கல்யாணமான நாளிலிருந்து ஆறு வருடமாக மீன்தூண்டில் என்றார். லைசன்ஸ் எங்கே என்றதும் வேலை இருக்கிறதாம், வைத்துவிட்டார்.

லைசன்ஸ் இல்லாத துவக்கு இலங்கையில் ஒரு தமிழ் வீட்டில் பிடிபட்டால், புத்தம் புதுசு என்று யாரிடம் போய்ச் சொல்வது?

16, வியாழன். திரும்ப மழை. துணி காயவில்லை.

நர்சரி வாசலில் டீச்சர்: "எங்க வீட்டுல புதுத் துவக்கு இருக்கு, ஒங்க வீட்டுல இருக்கான்னு ஷெரின் எல்லாப் புள்ளைங்ககிட்டயும் கேக்குறா. வெளயாட்டுச் சாமான்தானே?"

ஆமா என்று சிரித்தேன். என்னையும் பொய் சொல்ல வைத்துவிட்டார்கள்.

மாமியிடம் சொன்னேன், ஒப்படைக்கப் போகிறேன் என்று.

"போலீசுக்கா? மாமாவோட ஞாபகம்டி அது!"

"ஷெரினும் மாமாவோட ஞாபகம்தானே மாமி?"

செபமாலையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஜூட்டுக்கு அனுப்பியது, அப்படியே:

"நாளைக்குக் காலையில லோயரக் கூட்டிக்கிட்டு போலீசுக்குப் போறேன். பெட்டியோட குடுத்துருவேன். மாமா பேர்ல லைசன்ஸ் இருந்துச்சா, அந்த லைசன்ஸ் புத்தகம் எங்க இருக்கு, இது ரெண்டும் தெரியணும். மன்னிப்பு ஒண்ணும் வேணாம். சீக்கிரம் பதில் போடுங்க."